பங்காளியா, வெறும் பெயர் ஒற்றுமையா? ஒய் டிஎன்ஏ வைத்துப் பிரித்துப் பார்ப்பது எப்படி

என் மாமனார் ஒரு கெல்லி. அயர்லாந்தின் மேற்கே, பாலினஸ்லோ பக்கத்தில், பல தலைமுறையாக ஒரே நிலத்தில் மாடு வளர்க்கும் குடும்பம். சில வருஷம் முன்னால் ஆஸ்திரேலியாவிலிருந்து இன்னொரு கெல்லி அவருக்குக் கடிதம் போட்டார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா 1850-களில் இதே பங்கிலிருந்து, அதாவது இதே தேவாலய வட்டாரத்திலிருந்து, கப்பல் ஏறியவராம், அதனால் அவரும் மாமனாரின் முப்பாட்டனும் அண்ணன் தம்பியாகத்தான் இருக்க வேண்டுமாம். ஆதாரம் என்று பார்த்தால் ஒரே குடும்பப் பெயர், ஒரே பங்கு, இரண்டு வீட்டிலும் ஒரு பேட்ரிக், ஒரு ஜான். திருச்செந்தூர் பக்கத்து இரண்டு குடும்பங்களில் ஆளுக்கொரு முருகன் இருக்கிறார், அதனால் இருவரும் சொந்தம் என்று சொல்வது போலத்தான் இது.

இந்தக் கேள்வியைத் தீர்க்க எனக்கும் மாமனாருக்கும் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் பிடித்தது. அதில் பாதியை வீணாக்கினோம். நீங்கள் வீணாக்க வேண்டாம் என்றுதான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் கெல்லி என்ற பெயரைப் பற்றிக் கொஞ்சம். அயர்லாந்தில் மர்ஃபிக்கு அடுத்தபடி அதிகம் பேருக்கு இருக்கும் பெயர் இது. 'ஓ கெல்லி' என்றால் கெல்லாக் என்பவரின் வழிவந்தவர் என்று பொருள், ஆனால் கெல்லாக் என்பது அந்தக் காலத்தில் சர்வசாதாரணமான பெயர். அதனால் ஏழெட்டு இடங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல், ஆளுக்கொரு கெல்லாக்கிடமிருந்து தனித்தனிக் குடும்பங்கள் கிளம்பின. அவற்றில் பெரியது கால்வே, ராஸ்காமன் பகுதியை ஆண்ட ஈ மேனி என்ற பழைய சிற்றரசின் கெல்லிகள். 1014-ல் குளோன்டார்ஃப் போரில் செத்த டைக் மோர் ஓ கெல்லி இவர்களுடைய ஆள். இது போதாதென்று மேன் தீவில் தனிக் கெல்லிகள் இருக்கிறார்கள், இங்கிலாந்தின் டெவனில் கெல்லி என்ற ஊரின் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். தெருவில் இரண்டு கெல்லிகள் எதிரெதிரே வந்தால் அவர்களுக்குள் ரத்த சம்பந்தம் இருக்கலாம், ஆயிரக்கணக்கான வருஷமாக இல்லாமலும் இருக்கலாம்.

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. தூத்துக்குடியில் இரண்டு பர்னாந்துகள் சந்தித்தால், பெயரை வைத்து மட்டும் யாரும் உறவு கொண்டாட மாட்டார்கள். 1530-களில் முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் வாங்கியபோது போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த பெயர் அது, பலருக்கும் ஒரே பெயர். ஐரோப்பாவில் குடும்பப் பெயர் அப்பா வழியில் நூற்றுக்கணக்கான வருஷமாக இறங்கி வருவதால், பெயர் ஒன்றென்றால் வேரும் ஒன்று என்று நம்பத் தோன்றுகிறது. அதைச் சோதிக்கத்தான் டிஎன்ஏ.

எந்த டிஎன்ஏ?

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். விளம்பரத்தில் வரும் சாதாரணக் குடும்ப டிஎன்ஏ சோதனை, அதாவது அப்பா வழி அம்மா வழி எல்லாவற்றையும் கலந்து பார்ப்பது, இந்த வேலைக்குப் பெரிதாக உதவாது. ஒவ்வொரு தலைமுறையிலும் அது பாதியாகக் குறைகிறது. மூன்றாம் தலைமுறைக் கசின்கள் பத்தில் ஒன்பது ஜோடிக்கு ஒத்த துண்டு ஏதாவது கிடைக்கும், நான்காம் தலைமுறையில் பாதிப் பேருக்கு ஒன்றுமே கிடைக்காது. 1800-க்கு முன்னால் பிரிந்த இரண்டு குடும்பங்களை அதை வைத்துப் பிடிப்பது கஷ்டம்.

நமக்கு வேண்டியது ஒய் குரோமோசோம். அது அப்பாவிடமிருந்து மகனுக்கு, அநேகமாக மாறாமல், கலக்காமல் போகிறது. குடும்பப் பெயரும் அதே வழியில்தான் போகிறது. தமிழில் சொன்னால் இது பங்காளிகளைக் கண்டுபிடிக்கும் சோதனை. மாமன், மச்சான், அத்தை பிள்ளைகள் யாரும் இதில் தெரிய மாட்டார்கள். இதை நான் விளக்கியபோது என் மனைவிக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் அந்த வீட்டில் வம்சாவளிப் பைத்தியம் அவள்தான், ஆனால் பெண்களுக்கு ஒய் கிடையாது என்பதால் அவளுடைய எச்சில் இந்த வேலைக்கு ஆகாது. பெண்கள் அப்பாவையோ, அண்ணன் தம்பியையோ, பெரியப்பா சித்தப்பாவையோ, அவர்களுடைய மகன்களையோதான் பிடிக்க வேண்டும்.

இந்த வழியை முதலில் பெரிய அளவில் காட்டியவர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த பிரையன் சைக்ஸ். 2000-ஆம் ஆண்டில் தன்னுடைய பெயரையே எடுத்துக்கொண்டு, 48 சைக்ஸ் ஆண்களைச் சோதித்தார். 21 பேருக்கு ஒரே ஒய் வரிசை வந்தது. வெறும் நான்கு மார்க்கர், அதாவது ஒய்யில் ஒப்பிட்டுப் பார்க்கும் நான்கு இடங்கள், மட்டும் பார்த்த காலம் அது. அப்புறம் 2009-ல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 40 பிரிட்டிஷ் பெயர்களை எடுத்து 1,678 ஆண்களைப் பார்த்தார்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயரில் பெரும்பாலானோர் ஒரே மூதாதையின் வழி, ஸ்மித் போன்ற பெயரில் அப்படி எதுவும் இல்லை. கொல்லன் என்று பொருள்படும் பெயர் அது, ஊருக்கு ஒரு கொல்லன் இருந்திருப்பான், அப்படித்தான் வரும். உங்கள் பெயர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று முதலில் யோசியுங்கள். கெல்லி ஸ்மித் பக்கம் சாய்ந்தது.

எச்சிலுக்கு முன்னால் காகிதம்

சோதனைப் பெட்டி வாங்கும் முன் இரண்டு குடும்பத்துக்கும் தனித்தனியாக வம்சாவளி எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாக இணைக்கவே கூடாது, பேனா கைக்கு வந்தாலும் சரி. ஒவ்வொரு குடும்பத்திலும் ஆதாரத்தோடு எட்டக்கூடிய கடைசி ஆள் யார், எந்தக் கிராமம், எந்த வருஷம் என்பது வரை மட்டும் போங்கள்.

அயர்லாந்தில் இது சீக்கிரமே சுவரில் முட்டும். 1922 ஜூன் மாதம் டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கு அநேகமாக முழுதும் போனது. அதற்குப் பிந்தைய நான்கு கணக்குகளை அரசாங்கமே ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தது. அந்தத் தீக்கு முந்தையவற்றில் முழுதாக மிச்சம் இருப்பது 1901-ம் 1911-ம். அதற்கு முன் போக மூன்று இடம் இருக்கிறது. ஒன்று 1864-ல் தொடங்கும் பிறப்பு, இறப்புப் பதிவுகள். இரண்டாவது கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள், இவற்றை அயர்லாந்து தேசிய நூலகம் 2015-ல் இலவசமாக இணையத்தில் போட்டுவிட்டது, கையெழுத்து மட்டும் கண்ணைக் கெடுக்கும். மூன்றாவது 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நில மதிப்பீடு. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: ஒரே ஊரில் இரண்டு மைக்கேல் கெல்லி இருந்தால், குமாஸ்தா பக்கத்தில் அடைப்புக்குள் அப்பா பெயரை எழுதிவைப்பார். நம்ம இனிஷியல்தான், வேறென்ன. சில சமயம் 'சிவப்பு', 'மூத்தவர்' என்றும் இருக்கும்.

எங்கள் பங்கில் மூன்று கெல்லிக் குடும்பங்கள் கிடைத்தன. மாமனாருடையது ஒன்று. ஆஸ்திரேலியாக்காரர் தன்னுடையது என்று சொல்வது இரண்டாவது. சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் மூன்றாவது. இந்த மூன்றாவது குடும்பத்தைப் பற்றி மாமனாரின் பாட்டி "அவங்க வேற கெல்லி, நமக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். எழுதிவைத்துக்கொண்டோம்.

யாரைச் சோதிப்பது

பணத்தைச் சேமிக்கும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆள் போதாது, இரண்டு பேர் வேண்டும், அதுவும் ஒருவருக்கொருவர் எவ்வளவு தள்ளிய பங்காளியோ அவ்வளவு நல்லது. அப்பாவையும் மகனையும் சோதிப்பது காசைக் கிணற்றில் போடுவது. அண்ணன் தம்பியும் அப்படித்தான். காகிதத்தில் தெரியும் கடைசி மூதாதைக்கு இரண்டு மகன்கள் இருந்தால், மூத்தவர் வழியில் ஒருவர், இளையவர் வழியில் ஒருவர் என்று பிடியுங்கள். அவர்கள் இருவரின் ஒய்யும் ஒத்துப்போனால், அந்த மூதாதையின் ஒய் இதுதான் என்று ஏறக்குறைய அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. நடுவில் எங்கும் சங்கிலி அறவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

சங்கிலி அறுவது என்றால், தத்து எடுத்தது, அம்மாவின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தது, சொத்துக்காகப் பெயரை மாற்றிக்கொண்டது, அப்புறம் எல்லோரும் முதலில் நினைக்கும் அந்தக் காரணம். தலைமுறைக்கு நூற்றுக்கு ஒன்று இரண்டு என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும், ஆனால் பத்துத் தலைமுறைக்குக் கூட்டிப் பாருங்கள், நூற்றுக்குப் பத்து முதல் பதினெட்டு வரை வருகிறது. ஓர் ஆளை மட்டும் சோதித்து முடிவு கட்டினால் இந்தப் பள்ளத்தில்தான் விழுவீர்கள்.

அதனால் கன்னத்தைத் தேய்க்கச் சொல்லும் முன்னாலேயே ஆளை உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். "நீங்கள் எதிர்பார்க்காதது வரலாம், வந்தால் சொல்லவா, வேண்டாமா?" என்று நேராகக் கேளுங்கள். அவருடைய பெயரை வெளியில் எப்படிக் காட்டலாம், முடிவை யார் யார் பார்க்கலாம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். முடிவு வந்த பிறகு இதைப் பேசுவது ரொம்ப மோசமான நேரம்.

சோதனை ஒன்றும் பெரிய விஷயமில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், டீயும் கூடாது. பெட்டியில் இருக்கும் குச்சியால் உள்கன்னத்தை நன்றாகத் தேய்க்க வேண்டும். மாமனார் டீ குடிக்காமல் ஒரு மணி நேரம் சமையலறையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், மாட்டுக்குப் பிரசவம் பார்த்தபோதுகூட அவரை அவ்வளவு பதற்றமாகப் பார்த்ததில்லை.

எண்களைப் படிப்பது

மார்க்கர் சோதனையில் கிடைப்பது ஒரு வரிசை எண்கள். டிஒய்எஸ்393-ல் 13, டிஒய்எஸ்390-ல் 24, டிஒய்எஸ்19-ல் 14, டிஒய்எஸ்391-ல் 11 என்று போகும். ஒய் குரோமோசோமின் அந்தந்த இடத்தில் ஒரு சின்னத் துண்டு எத்தனை தடவை திரும்பத் திரும்ப வருகிறது என்பதுதான் எண். எப்போதாவது மகனுக்கு ஒன்று கூடும் அல்லது குறையும். இரண்டு பேரின் வரிசையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசங்களைக் கூட்டினால் அதுதான் மரபணுத் தூரம். ஒருவருக்கு 24, இன்னொருவருக்கு 25 என்றால் ஒரு படி.

எங்கள் முதல் தவறு இங்கே. அவசரத்தில், ஆஸ்திரேலியாக்காரரிடம் ஏற்கெனவே இருந்த பழைய 12 மார்க்கர் முடிவோடு மாமனாருடையதை ஒப்பிட்டோம். 12-ல் 11 ஒத்துப்போனது. மாமனார் விஸ்கி பாட்டிலைத் திறந்துவிட்டார், ஆஸ்திரேலியாவுக்கு ஃபோனும் போட்டாகிவிட்டது. ஆனால் நான் மேலே சொன்ன 13, 24, 14, 11 இருக்கிறதே, அது மேற்கு ஐரோப்பாவிலேயே மிகச் சாதாரணமான வரிசை. அயர்லாந்தின் மேற்கில் பத்தில் ஒன்பது ஆணுக்கு மேல் ஆர்1பி என்ற ஒரே பெரும் பிரிவுதான், அவர்களில் கணக்கில்லாத பேர் 12 மார்க்கரில் இப்படி ஒத்துப்போவார்கள். முழு 37 மார்க்கரும் வந்தபோது தூரம் 13. பாட்டிலை மூடினோம்.

37 மார்க்கரில் தூரம் 0, 1, 2 என்றால், பெயரும் ஒன்றாக இருந்தால், பங்காளிகள் என்று நம்பி மேலே போகலாம். 3, 4 என்றால் இருக்கலாம், கூடுதல் சோதனை வேண்டும். 37-ல் 4 வரைதான் ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ நிறுவனம் பொருத்தப் பட்டியலிலேயே காட்டும், 111 மார்க்கரில் 10 வரை. எங்களுக்கு வந்த 13 போல இருந்தால் அந்த இரண்டு பேரின் பொது மூதாதை குடும்பப் பெயர்கள் பிறப்பதற்கு ரொம்ப முன்னால் வாழ்ந்தவர், கதை முடிந்தது. பெரும் பிரிவே வேறாக இருந்தால், ஒருவர் ஆர்1பி இன்னொருவர் ஐ என்று வந்தால், எண்களைக் கூட்டவே வேண்டாம்.

கூட்டும்போது எல்லா வித்தியாசத்தையும் ஒரே தராசில் போடாதீர்கள். சிடிஒய், டிஒய்எஸ்570, டிஒய்எஸ்576, டிஒய்எஸ்449 போன்றவை சீக்கிரம் மாறுபவை, அதில் ஒரு படி போனால் கவலை வேண்டாம். மெதுவாக மாறும் மார்க்கரில் வித்தியாசம் என்றால் கண்ணை அகலத் திறங்கள். அதைவிட முக்கியம், ஊரில் யாருக்கும் இல்லாத ஓர் அபூர்வ எண் இரண்டு பேருக்கும் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அது மாட்டுக்குப் போட்ட சூட்டுக்குறி மாதிரி, எந்த மந்தை என்று சொல்லிவிடும்.

இந்த வேலையில் நான் கற்றது ஒன்று: ஒத்துப்போகவில்லை என்றால் அது கறாரான பதில், ஒத்துப்போகிறது என்றால் அது பாதிப் பதில். ஒரே ஊரின் இரண்டு கெல்லிகளுக்கு 37-ல் தூரம் 1 என்றால் அவர்கள் பங்காளிகள், சரி. ஆனால் பொது மூதாதை தாத்தாவின் தாத்தாவா, அவருக்கும் ஆறு தலைமுறை மேலேயா என்பதை மார்க்கர் சொல்லாது. அதைக் காகிதத்தில்தான் தேட வேண்டும்.

எண்களும் குழப்பும்போது

வடமேற்கு அயர்லாந்துக்காரர்களுக்குத் தனி எச்சரிக்கை. அங்கே எம்222 என்ற கிளை அவ்வளவு பரவிக் கிடக்கிறது, காலஹர், டோஹர்ட்டி, இன்னும் எத்தனையோ பெயர்க்காரர்கள் 37 மார்க்கரில் நெருக்கமாகவே தெரிவார்கள், குடும்பப் பெயர் காலத்தில் உறவே இல்லாமல். தனித்தனியாகக் கிளம்பிய வரிசைகள் தற்செயலாக ஒரே எண்ணில் வந்து நிற்பதும் உண்டு.

அங்கே மார்க்கரை விட்டுவிட்டு எஸ்என்பிக்குப் போங்கள். எஸ்என்பி என்பது ஓர் எழுத்து மாற்றம், ஒரு தடவை நடந்தால் அநேகமாகத் திரும்பாது, அந்த ஆளுக்குப் பிறகு வரும் எல்லா ஆண் வாரிசுக்கும் இருக்கும். பிக் ஒய்-700 போன்ற சோதனை ஒய்யில் நம்பிப் படிக்க முடிந்த இடங்களில் பெரும்பகுதியைப் படித்து இவற்றையெல்லாம் எடுத்துவிடும், சராசரியாக 80, 90 வருஷத்துக்கு ஒரு மாற்றம் கிடைக்கும் என்பதால் கிளை எப்போது பிரிந்தது என்று ஓரளவு மதிப்பிடலாம். விலை அதிகம். எல்லோருக்கும் வாங்க வேண்டாம். 37-ல் குழுக்களாகப் பிரித்துவிட்டு, குழுவுக்கு ஒருவர், முடிந்தால் இருவருக்கு மட்டும் வாங்குங்கள். கிளையின் எஸ்என்பி பெயர் தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஒன்றை மட்டும் பெர்லினில் உள்ள ஒய்செக் மாதிரி இடத்தில் மலிவாகச் சோதித்துக்கொள்ளலாம்.

எங்கள் மூன்று கெல்லிகளுக்கும் என்ன வந்தது

மாமனாரும், அவருடைய தாத்தாவின் தம்பி வழி வந்த பங்காளி ஒருவரும் 37-க்கு 37. நல்லது. சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கத்து ஆளைச் சும்மா ஒப்புக்காகத்தான் சோதித்தோம், 'வேற கெல்லி' என்று காட்டி முடித்துவிடலாம் என்று. தூரம் 1. அந்த ஒன்றும் சிடிஒய்யில். பிக் ஒய் எடுத்தால் கடைசிக் கிளை வரை இருவரும் ஒன்றாகவே போகிறார்கள். திரும்பக் கிரிஃபித் பதிவை எடுத்துப் பார்த்தோம். இந்தப் பக்கத்துக் கிராமத்தில் பேட்ரிக் கெல்லி, அடைப்புக்குள் ஜான். அந்தப் பக்கத்துக் கிராமத்தில் மைக்கேல் கெல்லி, அடைப்புக்குள் ஜான். ஊரில் எத்தனையோ ஜான்கள், அதனால் நிரூபணம் ஆகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் பாட்டி சொன்ன 'ஒட்டும் இல்லை' எப்போதோ நடந்த வரப்புச் சண்டையாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். மாமனார் இதைக் கேட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "அந்த வயல் நம்மதுதான்" என்றார்.

ஆஸ்திரேலியாக்காரர் விஷயம் வேறு. அவருடைய 37 மார்க்கர் பொருத்தப் பட்டியலில் ஒரு கெல்லிகூட இல்லை, ஆனால் நான்கு ஃபாலன்கள் இருந்தார்கள். ஃபாலன் ராஸ்காமன் பக்கத்துப் பெயர், பாலினஸ்லோவுக்குத் தூரமில்லை. உங்கள் பட்டியலில் வேறொரு பெயர் இப்படிக் கும்பலாக வந்தால் சங்கிலி எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள், எங்கே என்று கண்டுபிடிக்க மேலிருந்து கீழே வராமல் கீழிருந்து மேலே போங்கள். கப்பல் ஏறியவருக்கு இரண்டு மகன்கள். இவர் மூத்தவர் வழி. இளையவர் வழியில் குவீன்ஸ்லாந்தில் இருந்த ஒரு பங்காளியைத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள், இருவருக்கும் தூரம் 0, அவர் பட்டியலிலும் அதே ஃபாலன்கள். அப்படியானால் அறுந்தது கப்பல் ஏறியவரிடமோ அவருக்கு மேலேயோதான். விதவைத் தாய் மறுமணம் செய்து பிள்ளைக்குக் கெல்லி என்ற பெயர் வந்திருக்கலாம், ஏதோ காரணத்துக்காக அவரே கப்பலில் பெயரை மாற்றியிருக்கலாம்.

மூன்று மாசம் அவரிடமிருந்து கடிதமே வரவில்லை. முடிவைச் சொல்லலாமா என்று முன்கூட்டியே கேட்டிருந்தோம், சரி என்றுதான் சொல்லியிருந்தார், இருந்தாலும். அப்புறம் ஒரு நாள் ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு பக்கம் மட்டும் வந்தது, "இந்த வரியில் தாயின் பெயர் என்னவென்று தெரிகிறதா?" என்ற ஒரே கேள்வியோடு. இப்போது அவர் 1830-களின் ஃபாலன்களைப் பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டிருக்கிறார், பாதிரியாரின் கையெழுத்து புரியாத இடத்தையெல்லாம் என் மாமனார் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துச் சொல்கிறார்.